ஜுகாட் என்னும் வஞ்சப் புகழ்ச்சி

பழைய கார் ஒன்றின் பானெட்டைத் திறந்துவைத்து, மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளைக் கையிலேந்திக் கோளாறைத் தேடும் மனிதரை வருணிக்க இந்தியக் கல்விப்புலம் ஒரே ஒரு சொல்லைக் கைவசம் வைத்திருக்கிறது: ஜுகாட். மேலாண்மைக் கருத்தரங்குகளில் அது பாராட்டாக ஒலிக்கிறது. பொறியியல் துறைகளின் ஆசிரியர் அறைகளில் ஏளனமாக ஒலிக்கிறது. பாராட்டுவோரும் ஏளனம் செய்வோரும் ஒரு நம்பிக்கையில் ஒன்றுபடுகிறார்கள்: அந்த மனிதர் செய்வது அறிவுச் செயல்பாடு ஆகாது, கைப்பழக்கமும் அதிர்ஷ்டமும் கலந்த ஒப்பேற்றல் அது. புகழ்வதுபோலப் பழிப்பதற்குத் தமிழ் அணியிலக்கணம் வஞ்சப் புகழ்ச்சி என்று பெயரிட்டது. ஜுகாட் என்னும் சொல் இன்று கையாளப்படும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இந்தியில் இது அன்றாடச் சொல். கையில் கிடைத்ததைக் கொண்டு காரியத்தை முடிக்கும் ஏற்பாட்டைக் குறிப்பது. வட இந்தியக் கிராமங்களில், நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரப்பலகைச் சட்டத்தில் பூட்டி உருவாக்கிய வண்டிக்கும் இதுவே பெயர். 2012இல் நவி ராட்ஜூ, ஜெய்தீப் பிரபு, சிமோன் அஹுஜா ஆகிய மூவர் எழுதிய ‘ஜுகாட் இன்னோவேஷன்’ என்னும் ஆங்கில நூல் வெளியானது. மேலாண்மைக் கல்வியில் இச்சொல் கலைச்சொல்லின் தகுதியைப் பெற்றது. தெருவிலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் சொல் தன்னோடு சில முன்னனுமானங்களையும் சுமந்துசெல்லும். இச்சொல் சுமந்துசென்றவை மூன்று. செய்யப்பட்ட வேலை தற்காலிகமானது. செய்தவரிடம் முறையியல் எதுவும் இல்லை. பற்றாக்குறையே அவருடைய படைப்பூக்கத்தின் ஊற்று. மூன்றாவதே ஆபத்தானது. பற்றாக்குறைதான் ஊற்று என்றால், அந்தப் பற்றாக்குறையை நீக்கும் கடமை எவருக்கும் இல்லை என்றாகிறது.

பழைய வாகனத்தின் மின்னணுப் பாகங்களை அதன் உரிமையாளரே சோதித்துப் பழுதறியும் செயலை முன்வைத்து, இம்மூன்று அனுமானங்களையும் உரசிப் பார்க்கலாம்.

முதலில் ‘பழைய வாகனம்’ என்பதன் பொருள் தெளிவாக வேண்டும். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தில்லி தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் புதிய தனியார் கார்கள் 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 நெறிகளை நிறைவுசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்த அளவுகளை எட்டுவது கடினம். ஆகவே மாருதி 800 போன்ற சிறு கார்களும் மின்னணு முறையில் எரிபொருள் பீய்ச்சும் அமைப்புக்கு மாறின. எம்பிஎஃப்ஐ என்னும் எழுத்துகள் கார்களின் பின்கதவில் பெருமையோடு ஒட்டப்பட்டன. மாருதி 800இன் உற்பத்தியும் 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இன்று பழைய வண்டி என்று கழிக்கப்படுவதற்குள்ளேயே ஒரு கணினிப் பெட்டி இருக்கிறது. பணிமனைகளில் அதை இசிஎம் என்கிறார்கள். அதைச் சுற்றிப் பல சென்சார்கள் இருக்கின்றன; அவற்றை இணைக்கும் கம்பிக் கற்றை இருபது வருட வெயிலிலும் மழையிலும் வெந்து விறைத்திருக்கிறது. காதை வைத்துக் கேட்டும் திருப்புளியால் திருகியும் இவ்வகை வண்டியின் கோளாறைக் கண்டறிய முடியாது. அப்படியிருந்தும் காய்கறி ஏற்றும் சிறு வியாபாரியும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச்செல்லும் வேன் ஓட்டுநரும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும் இவ்வண்டிகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படி என்று கேட்காமலே அதற்குப் பெயர் சூட்டியதுதான் கல்விப்புலத்தின் முதற்பிழை.

ஒரு கோளாறை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் சூடேறிய பின்னும் கறுத்த புகை வருகிறது, பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம் செலவாகிறது, மீட்டர்ப் பலகையில் எஞ்சின் விளக்கு எரிகிறது. மலிவான ஸ்கேனரைச் செருகினால் பி0118 என்று ஒரு குறி வருகிறது. எஞ்சினைச் சுற்றியோடும் கூலன்ட்டின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் மிகுதியாக உள்ளது என்பதே அக்குறியின் பொருள். அவசரப்படுவோர் உடனே புதிய சென்சாரை வாங்கி மாட்டிவிடுவார்கள். பொறுமையானவர் குறியைத் திரும்ப வாசிப்பார். அது ‘சுற்று’ என்கிறது. ‘சென்சார் கெட்டது’ என்று எங்கும் சொல்லவில்லை. சுற்று என்பது சென்சார், கப்ளர், போகும் கம்பி, திரும்பும் கம்பி, இசிஎம் ஆகிய ஐந்தும் சேர்ந்தது. குற்றம் ஐந்தில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

அந்தச் சென்சார் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் இயல்புடையது. இசிஎம் ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பிவிட்டு, எவ்வளவு எஞ்சுகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. கம்பி அறுந்தால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி போன்ற நம்பமுடியாத குளிர் தோன்றும். இப்போது சோதனை. சென்சாரிலிருந்து கப்ளரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். ஸ்கேனரின் எண் உறைகுளிரிலிருந்து உச்ச வெப்பத்துக்குத் தாவினால், இரு கம்பிகளும் இசிஎம்மும் நலம். குற்றம் சென்சாரிலோ அதன் முனைகளிலோதான். தாவவில்லை என்றால், சமிக்ஞைக் கம்பியை மட்டும் எஞ்சினின் உலோகத்தில் தொடவைக்க வேண்டும். இப்போது தாவினால் திரும்பும் கம்பி அறுந்திருக்கிறது. இப்போதும் தாவாவிட்டால் போகும் கம்பியையும் இசிஎம்மையும் பார்க்க வேண்டும். ஒரு துண்டுக் கம்பியும் இரண்டு நிமிடங்களும் ஐந்து சந்தேகங்களை ஒன்றிரண்டாகக் குறைத்துவிடுகின்றன.

மொழியியல் மாணவர்கள் இச்செயலை உடனே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கல், பல் என்னும் இரு சொற்களை அருகருகே வைத்து, முதல் ஒலியைத் தவிர மற்ற யாவும் ஒன்றே என்று காட்டி, பொருள் மாறியதற்கு அந்த ஓர் ஒலியே காரணம் என நிறுவுவது அவர்கள் கற்கும் முதற்பாடம். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை, விளைவைக் கவனி. கப்ளரை இணைத்துப் பார்ப்பவர் செய்வதும் எழுத்துக்கு எழுத்து இதுதான். வகுப்பறையில் நடந்தால் ஒலியன் ஆய்வு. வீட்டு வாசலில் கிரீஸ் படிந்த விரல்களோடு நடந்தால் ஜுகாட். வேறுபாடு முறையியலில் இல்லை; செய்பவரின் சட்டையில் இருக்கிறது.

இன்னும் நுட்பமான கோளாறுகள் உண்டு. இவ்வகைச் சென்சார்கள் பலவற்றின் மின்தடை 80 டிகிரியில் ஏறத்தாழ 320 ஓம். 60 டிகிரியில் ஏறத்தாழ 600 ஓம். கப்ளரின் முனையில் பச்சைத் துரு படிந்து அங்கே 280 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், 80 டிகிரியில் இருக்கும் எஞ்சினை இசிஎம் 60 டிகிரி என்று வாசிக்கும். 60 டிகிரி என்பது நம்பத்தக்க எண். ஆகவே பெரும்பாலும் விளக்கு எரியாது, குறி பதிவாகாது. எஞ்சின் இன்னும் முழுதாகச் சூடேறவில்லை என்று எண்ணி இசிஎம் தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். ஸ்கேனரை மட்டும் நம்புபவருக்கு இவ்வண்டி நலமானது. நீரின் உண்மை வெப்பத்தையும் திரையின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே இக்கோளாறு புலப்படும். கருவி சொல்வதைச் சான்றாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது என்னும் ஆய்வு நெறியை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடநூல் எது?

எர்த் பட்டையையும் சொல்ல வேண்டும். எஞ்சினையும் பாடியையும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கும் அந்தப் பின்னல் கம்பியில் பல இழைகள் அறுந்து சிலவே மிஞ்சியிருந்தாலும், மல்டிமீட்டரின் மின்தடை அளவு ஏறக்குறைய பூச்சியம் என்றே காட்டும். மீட்டர் அனுப்பும் நுண்மின்னோட்டத்துக்குச் சில இழைகள் போதும். செல்ஃப் மோட்டார் கேட்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியருக்குப் போதாது. ஆகவே அனுபவமுள்ளவர் மின்தடையை அளப்பதில்லை. செல்ஃபைச் சுழலவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளக்கிறார். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அகப்பட்டது. ஓய்வில் பொய் சொல்லும் பாகம் சுமையில் உண்மை சொல்லும் என்பது இங்கே கொள்கை. இதை அறியாமல் இசிஎம்மையே மாற்றிப் பல ஆயிரம் ரூபாயை இழப்பது எளிது. சில நூறு ரூபாய்ப் பட்டையில் தீரும் கோளாறு அது.

1990களின் சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் இன்னொரு கோளாறு பெயர்பெற்றது. நண்பகல் வெயிலில் நிறுத்திய கார் மாலையில் குளிர்ந்தபின் புறப்படும்; வெயிலில் புறப்படாது. காருக்குள் இருக்கும் முதன்மை ரிலேயின் ஈயப் பற்றுகளில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். சூட்டில் உலோகம் விரியும்போது இணைப்பு விட்டுப்போகும், அதனால் எரிபொருள் பம்புக்கு மின்சாரம் போகாது. பணிமனைக்கு இழுத்துச்செல்வதற்குள் வண்டி குளிர்ந்துவிடும், கோளாறும் மறைந்துவிடும். கோளாறு எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று நாள்கணக்கில் குறித்துவைக்கும் உரிமையாளர்தான் இதைக் கண்டறிய வல்லவர். பழைய பற்றை உருக்கி மறுபடி பற்றவைத்தால் அந்த ரிலே பல வருடம் உழைக்கும். தற்காலிக ஒப்பேற்றல் என்னும் முதல் அனுமானமும் முறையியல் இல்லை என்னும் இரண்டாம் அனுமானமும் இங்கே விழுந்துவிடுகின்றன.

இனி மூன்றாவது: பற்றாக்குறையே ஊற்று என்னும் கூற்று. இங்கே பற்றாக்குறை எதில்? பல்வேறு தரத்தில் மல்டிமீட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. தில்லியின் காஷ்மீரி கேட்டிலும், கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும், பெங்களூரின் ஜே.சி. சாலையிலும் பாகங்களுக்குக் குறைவில்லை. பொறுமைக்கும் குறைவில்லை. கிடைக்காதது ஒன்றே: ஆவணம். எந்தக் கம்பி எந்த நிறத்தில் எங்கிருந்து எங்கே செல்கிறது என்னும் மின்சுற்றுப் படம். இசிஎம்மின் ஒவ்வொரு முனையிலும் எந்நிலையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்னும் அட்டவணை. நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்ட கோளாறுக் குறிகளின் பொருள். இவை இயற்கையில் அரிதானவை அல்ல. அச்சிடப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளில் பூட்டிவைக்கப்பட்டவை. பூட்டப்பட்டதைப் பற்றாக்குறை என்று அழைப்பது மொழியின் மீது செய்யும் அநீதி.

கோளாறுக் குறிகளின் அமைப்பே இந்தப் பூட்டை வெளிப்படையாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி 2 அமைப்பில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. முதலெழுத்து பி என்றால் எஞ்சினும் கியர் அமைப்பும். அடுத்த எண் பூச்சியம் என்றால் அனைத்து நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. ஒன்று என்றால் நிறுவனம் தனக்கென வகுத்த குறி. பி0118 என்பதன் பொருளை எவரும் அறியலாம். பி1 என்று தொடங்கும் குறியின் பொருளை நிறுவனம் மனம்வைத்தால்தான் அறியலாம். ஒரே சொல்வடிவத்தில் ஓர் எண் மாறியவுடன் பொதுமொழி குழூஉக்குறியாகிவிடுகிறது. அதற்கும் முந்தைய கார்கள் சிலவற்றில் நிலைமை மேலாக இருந்தது என்பது வேடிக்கை. பழைய சுசூகி அமைப்புகளில் சோதனைக் கப்ளரின் உரிய முனையை எர்த்தோடு இணைத்தால், எஞ்சின் விளக்கே சிமிட்டிக் கோளாறின் எண்ணைச் சொல்லும். 12 என்று சிமிட்டினால் கோளாறு ஏதும் பதிவாகவில்லை என்று பொருள். விளக்கு சிமிட்டுவதை எண்ணத் தெரிந்தவர் எவரும் அந்த உரையாடலில் கலந்துகொள்ள முடிந்தது.

ஆவணங்களைப் பூட்டுவது தவறு என்பது ஒரு தரப்பின் ஆதங்கம் மட்டும்தானா? இந்தியாவின் சட்ட அமைப்பே அதை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. ஒரு தனிமனிதரின் புகாரில் 2011இல் தொடங்கிய வழக்கில், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் தொழில்நுட்ப ஏடுகளையும் தம் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைக்கச்செய்து, வெளியே இருக்கும் பழுதுபார்ப்போரை விலக்கிவைத்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று ஆணையம் கண்டது. மொத்த அபராதம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய். அறிவுசார் சொத்துரிமை, பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டிய நிறுவனங்களின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. வெளிப் பணிமனையில் பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனையும் கூடாது என்றது. அதன்பின் மேல்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலும் திறக்கப்பட்டது. சட்டம் மட்டும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் வழியாகவே பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப் பணிமனைகளுக்குத் திறந்துவிடக் கட்டளையிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012இல் அதே உரிமையை வாக்களித்துப் பெற்றார்கள்.

2012 என்னும் ஆண்டை மறுபடி கவனிக்க வேண்டும். ஒரு நாட்டில் மக்கள் பழுதுபார்க்கும் உரிமையை வாக்குச்சீட்டில் கேட்டுப் பெற்ற அதே ஆண்டில், இந்தியர்கள் உரிமையின்றியே எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார்கள் என்று வியக்கும் சொல்லைக் கல்வியுலகம் கொண்டாடத் தொடங்கியது. இது தற்செயலாக இருக்கலாம். விளைவு தற்செயலானது இல்லை. சமாளிப்பதைப் போற்றும் சொல்லாடலுக்குள் உரிமை கேட்கும் வாக்கியத்தை அமைக்கவே இயலாது. சுற்றுப்படம் கொடு என்று கேட்பவரிடம், ‘அது இல்லாமலே நீங்கள் சாதித்துவிடுகிறீர்களே’ என்று பதில் சொல்லும் வசதியை இச்சொல் நிறுவனங்களுக்கு வழங்கியிருக்கிறது. கல்விப்புலம் அதைத் தன் முத்திரையோடு வழங்கியிருக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்கலாகாது. முதலாவது பாதுகாப்பு. 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறவர் கோளாறைத் தீர்க்கவில்லை. கம்பியையே ஃபியூஸ் ஆக்கித் தீவிபத்துக்கு வழிசெய்கிறார். காற்றுப்பையின் மஞ்சள் நிறக் கப்ளரில் மீட்டரைச் செருகுவது அதைவிட மோசம். இவை உண்மையான ஆபத்துகள், கைபழகாதவர் விலகி நிற்க வேண்டிய இடங்கள். ஆனால் இந்த ஆபத்துகளிலிருந்து காப்பது எது? எந்தச் சுற்றில் எத்தனை ஆம்பியர், எந்தக் கப்ளரை மீட்டரால் தொடக்கூடாது, பேட்டரியைக் கழற்றியபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஏடுதானே? எச்சரிக்கையை எழுதியிருக்கும் நூலைப் பூட்டிவைத்துவிட்டு, எச்சரிக்கையை அறியாதவர் என்று ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது அறமாகாது. வீட்டு மின்கம்பியை மாற்றுவோர் எவரும் மின்சுற்றின் விதிகளைக் கற்பதை நாடு தடைசெய்யவில்லை. மருந்தின் பக்கவிளைவை மருந்து அட்டைப்பெட்டிக்குள்ளேயே அச்சிட்டு வைக்கிறார்கள். வாகனத்துக்கு மட்டும் அறியாமையே பாதுகாப்பு என்று வாதிடுவது எந்தத் தர்க்கம்?

இரண்டாவது மாசு. பழைய வாகனங்கள் நச்சுப்புகையைக் கக்குகின்றன, அவற்றை வாழவைப்பது குற்றம் என்பார்கள். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் தில்லி தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025இல் அந்தத் தடையின் கடுமையை அதே நீதிமன்றம் தளர்த்தியது. புதிய நெறிகளின்படி உருவான வாகனம் பழையதைவிடத் தூய்மையானது என்பதில் ஐயமில்லை. எனினும் மேலே விவரித்த துருப்பிடித்த கப்ளர் என்ன செய்தது? தேவைக்கு மேல் பெட்ரோலை எரித்துக் கறுத்த புகையைக் கக்கவைத்தது. ஆக்ஸிஜன் சென்சார் சோர்ந்துபோனால் காற்று, பெட்ரோல் கலவை கட்டுப்பாடு இழக்கும். வினைமாற்றிப் பெட்டி கருகும். இவற்றைச் சரிசெய்கிறவர் செய்வது மாசுக் கட்டுப்பாடு. வயதை வைத்து வாகனத்தைக் கழிப்பவர்கள், பராமரிப்பின் அறிவைத் திறந்துவிட்டால் அதே வயதுடைய வாகனம் எவ்வளவு தூய்மையாக ஓடும் என்னும் கேள்வியைக் கேட்பதேயில்லை. கழித்த வாகனத்தை உடைப்பதற்கும் புதியதை வார்ப்பதற்கும் ஆகும் ஆற்றலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் நயமானது. உரிமையாளர்களே பழுதுபார்த்தால் தெருவோரப் பணிமனைத் தொழிலாளி என்னாவார்? உண்மையில் இருவரும் போட்டியாளர்கள் அல்லர். ஒரே கதவுக்கு வெளியே நிற்பவர்கள். தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையிலிருந்து வாங்கிவந்த நல்ல இசிஎம்மை மாட்டியும் கார் உயிர்பெறாமல் போகிறது. திருட்டுத் தடுப்பு அமைப்பின் இரகசிய எண் பொருந்தவில்லை. பொருத்தும் மென்பொருள் உரிமையாளரிடமும் இல்லை, தெருவோர எலெக்ட்ரீஷியனிடமும் இல்லை. தன் காரின் கோளாறைப் பாதி கண்டறிந்து வருகிற உரிமையாளர் அந்தத் தொழிலாளிக்கு உதவியே தவிர இடையூறு இல்லை.

எஞ்சியிருப்பது மொழி. பணிமனையின் மொழியை ஆய்வுலகம் கொச்சை என்று ஒதுக்கியிருக்கிறது. செல்ஃப் என்றால் எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார். ‘தானே புறப்படவைப்பது’ என்னும் நீண்ட ஆங்கிலத் தொடரின் தலை மட்டும் மிஞ்சிய சொல். டைனமோ என்பது இன்று காரில் இல்லவே இல்லை. அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்து பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும் பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி டைனமோ என்றே பல பணிமனைகளில் அழைக்கப்படுகிறது. இதைக் கேட்டு நகைக்கும் பேராசிரியர், தேங்காயிலிருந்து வந்ததையும் எண்ணெய் என்றே அழைக்கிறார். எள்ளின் நெய்தான் எண்ணெய். பொருள் விரிந்து எல்லா வித்துகளுக்கும் பொதுவாயிற்று. அவர் பேச்சில் நிகழ்ந்தால் சொற்பொருள் விரிவு, மெக்கானிக்கின் பேச்சில் நிகழ்ந்தால் அறியாமையா? 1961இல் நிறுவப்பட்ட அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும் மாநிலங்களின் கலைச்சொற் குழுக்களும் ஆயிரக்கணக்கான சொற்களை உருவாக்கியிருக்கின்றன. அவற்றுள் எத்தனை சொற்கள் ஒரு கப்ளரைக் கழற்றும் கையின் அருகே ஒலிக்கின்றன? ஸ்கேனரின் திரையும் சர்வீஸ் ஏடும் ஆங்கிலத்தில் இருக்க, வேலை செய்யும் வாய்கள் இந்தியிலும் தமிழிலும் வங்காளத்திலும் கன்னடத்திலும் பேசுகின்றன. ஏட்டைத் திறந்துவிட்டாலும் அதன் மொழி இரண்டாவது பூட்டாக நிற்கும் என்பதை மொழித் துறைகளாவது உணர வேண்டும்.

கல்விப்புலம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உடனே செய்யக்கூடியவை. பொறியியல் கல்லூரிகளின் வாகன ஆய்வகங்களில் கழிக்கப்பட்ட எஞ்சின்கள் கிடக்கின்றன. அவற்றின் சென்சார்களை வெப்பம், அழுத்தம், சுழற்சி எனப் படிப்படியாக மாற்றி அளந்து, கிடைக்கும் எண்களை வெளியிடுவது ஓர் இளநிலை மாணவரின் செய்முறைத் திட்டத்துக்குத் தகுந்த வேலை. தாமே அளந்த எண்களை வெளியிட எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டியதில்லை. மொழித் துறைகள் பணிமனைகளுக்குச் சென்று, அங்கே வழங்கும் சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் தொகுத்து, அவற்றை அடித்தளமாகக் கொண்டு பழுதறி கையேடுகளை இந்திய மொழிகளில் எழுதலாம். சட்டத் துறைகள் 2014ஆம் ஆண்டு ஆணையின் நிலையைப் பாடமாக்கலாம். சமூகவியல் துறைகள் தெருவோரப் பணிமனையை வியப்போடு படம்பிடிப்பதை நிறுத்திவிட்டு, அங்கே எந்த ஏடு இல்லை என்று பட்டியலிடலாம்.

அதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, செலவில்லாதது. வீட்டு வாசலில் மல்டிமீட்டரோடு குனிந்து நிற்பவரின் வேலைக்குப் பழுதறிதல் என்னும் அதன் சரியான பெயரை வழங்க வேண்டும். கருதுகோள் வகுத்து, ஒன்றை மாற்றி, மற்றவற்றை நிலைநிறுத்தி, விளைவை அளந்து, தவறினால் கருதுகோளைக் கைவிடும் செயலுக்கு அறிவு என்று ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி தானாக எழும்: அந்த அறிவுக்குரிய ஏட்டை அவரிடமிருந்து மறைத்தவர் யார்? ஜுகாட் என்னும் சொல் இதுவரை அடைத்துவைத்திருந்தது இந்தக் கேள்வியைத்தான்.